தூசி கேட்டு வந்தவர்கள்

ஜூன் 10, திங்கள்

வக்கீல் சொன்னதால் எழுத ஆரம்பிக்கிறேன். கருங்குன்று குவாரியின் குத்தகை செப்டம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க மனு கொடுத்தாகிவிட்டது. உத்தரவு கைக்கு வரும்வரை குவாரிப் பக்கம் யார் வந்தாலும், என்ன கேட்டாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றார். எனக்கு ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அது உங்களுக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது என்றார். டயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

இன்று யாரும் வரவில்லை. ஒரு டிப்பருக்கு கிளட்ச் போய்விட்டது. மாலைக்குள் சரிசெய்தாயிற்று.

ஜூன் 13, வியாழன்

வந்துவிட்டார்கள்.

இரண்டு பேர். ஒருவர் பேராசிரியர் ஞானதாஸ், நாகர்கோவில்காரர், வெள்ளைத்தாடி, வெயிலில் தொப்பி போடாதவர். இன்னொன்று சுடர்விழி என்று ஒரு பெண், அரியலூர்ப் பக்கம், முப்பது வயதுக்குள் இருக்கும், அவரிடம் ஆராய்ச்சி செய்கிறாளாம். முதலில் கேட்டது என் கல்யாண மண்டபத்தை. ஜூலைக் கடைசியில் ஐந்து நாளைக்கு வேண்டுமாம். என்ன விசேஷம் என்றேன். எரிமலை மாநாடு என்றார். எந்த ஊர் எரிமலை என்றேன். நிலா, செவ்வாய், வியாழனைச் சுற்றுகிற ஒரு நிலா என்று கறிக்கடையில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருவார்களாம், வெளிநாட்டில் இருந்தும் சிலர்.

பெங்களூர் இரண்டு மணி நேரத்தில் இருக்க, காரிமங்கலத்துக்கு எதற்கு வருகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். ஆடியில் உங்கள் மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகை குறைப்பீர்கள் என்றார். ஆள் விவரமானவர். இரண்டாவது காரணம் கருங்குன்று. பூமி பிளந்த இடத்தில் உருகிய பாறை மேலே ஏறி வந்து, அப்படியே உறைந்து நின்றதுதான் அந்தக் குன்றாம். "எரிமலையோட தொண்டைன்னு வச்சுக்கோங்க" என்றார். அந்தத் தொண்டையில் வெட்டித்தான் நான் வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

பிறகு அந்தப் பெண் கேட்டதுதான் விஷயம். இரண்டு டிப்பர் தூசி வேண்டுமாம்.

ஜல்லி இல்லை, எம்-சாண்ட் இல்லை. கிரஷரில் கல் உடையும்போது கீழே கொட்டுகிற தூசி. அதைக் கேட்டு யாரும் என் வாசலுக்கு வந்ததில்லை. அதை எங்கே கொட்டுவது என்பதுதான் என் தலைவலி. பக்கத்துத் தோட்டத்துக்காரன் தக்காளிச் செடியெல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது என்று வருஷம் தவறாமல் சண்டைக்கு வருகிறான். இவள் கன்வேயருக்கு அடியில் குனிந்து, தானே ஒரு பை அள்ளிக்கொண்டு போனாள். துப்பட்டாவில் பட்ட தூசியைத் தட்டக்கூட இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

எல்லப்பன் வந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிரஷர் வைத்திருக்கிறான், எனக்குப் பங்காளி முறை. என் குவாரிமேல் ஒரு கண், என் சாப்பாட்டின்மேல் இன்னொரு கண். என் மனைவி மாதம்மாள் தோசை ஊற்றிக்கொடுக்கக் கொடுக்கச் சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தான். வேறொரு ஜில்லாவில் இப்படித்தான் சுத்தியலும் பையுமாகப் படித்த ஆட்கள் வந்தார்களாம். மறுவருஷம் மலையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்களாம். யார் சொன்னது என்றால், கேள்விப்பட்டேன் என்கிறான்.

"தூசியைக் கேக்குறான்னா தூசியில ஏதோ இருக்கு பங்காளி. கல்லுல இருந்தா கல்லைக் கேட்டிருப்பான்."

"என்ன இருக்கும்?"

"பிளாட்டினம்."

அவன் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்பதுதான் எப்போதும் தெரியாது.

ஜூன் 24, திங்கள்

மழை. மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது.

ஜூலை 5, வெள்ளி

சுடர்விழி போன் செய்தாள். எடுத்துப்போன தூசியைச் சோதித்துவிட்டார்களாம். நிலாவில் கறுப்பாகத் தெரிகிற சமவெளிகள் எல்லாம் பழைய எரிமலைக் குழம்பு ஓடிப் பரந்த இடமாம். அங்கே இருக்கிற மண்ணுக்கு என் தூசி அப்படியே பொருந்துகிறதாம். அவள் ஒரு சக்கரம் செய்திருக்கிறாள். மாநாட்டில் அதை இந்தத் தூசியில் ஓட்டிக் காட்டவேண்டும். "இதைவிடப் பொருத்தமா எங்கேயும் கிடைக்காதுங்கய்யா" என்றாள்.

நான் பாலத்துக்குக் கல் கொடுத்திருக்கிறேன், ரயில்வேக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்க வருகிறவன் சரக்கில் குறைதான் சொல்வான். குறை சொன்னால்தான் விலை குறையும். இவள் விலையே பேசாமல் புகழ்கிறாள். இருபதாம் தேதிக்குள் இறக்கிவிட்டால் இன்னொரு தரம் சலித்துச் சோதித்துக்கொள்வோம் என்றாள். ஆகட்டும் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

டிபன் டப்பாவில் தூசி எடுத்துக்கொண்டு தர்மபுரி போனேன். நகைக்கடை வீதியில் என்னோடு படித்த ஆசாரி ஒருவன் இருக்கிறான். இதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். சேலத்தில் தெரிந்த இடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றான். எங்கே எடுத்தது என்று கேட்டான். ஊருக்குப் போன இடத்தில் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

சரக்கை இன்னும் அனுப்பவில்லை. டிப்பருக்கு கிளட்ச் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். ஆசாரியிடமிருந்து தகவல் வரட்டும்.

ஜூலை 22, திங்கள்

மறுபடியும் போன். கரண்ட் கோளாறு, கிரஷர் ஓடவில்லை என்றேன். பக்கத்தில் கிரஷர் ஓடுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். சோதிக்க நேரம் இல்லாமல் போய்விடுமே என்று மட்டும் சொன்னாள். மாதம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு குரலு கம்மிப்போயிருக்குது. எதுக்குங்க இழுத்தடிக்கிறீங்க?" என்றாள். குவாரி விஷயம் உனக்குப் புரியாது என்றேன். டிப்பருக்கு டீசல் போடக் காசில்லாத காலத்தில் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். அதனால் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

ஜூலை 27, சனி

இரண்டு டிப்பர் மண்டபத்துக்குப் போய்விட்டது. கழுவித்தான் அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் கழுவின சரக்குதான் முதல் தரம். கழுவாததை வாங்கிப் பூசினால் சுவர் வெடிக்கும், எவனும் தொடமாட்டான். வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆள் வருகிற இடத்தில் என் பெயர் சொல்லித் தூசியைக் கொட்டுவதா? கூடுதல் வேலைக்குக் கூடுதல் விலையும் கேட்கவில்லை. எவனாவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்.

கழுவின தண்ணீர் தேங்கும் குழிக்குத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். அடியில் படிகிற வண்டலை ஒரு கைப்பிடிகூட யாரும் எடுக்கக்கூடாது என்று மேஸ்திரி சென்னகிருஷ்ணனை அங்கேயே உட்காரவைத்தேன். இது வேறு விஷயம்.

ஜூலை 28, ஞாயிறு

மண்டபத்து வாகன நிறுத்தத்தில் பலகை அடித்து, பெரிய தொட்டி மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் மேடு. கொட்டின சரக்கு ஈரமாக இருந்ததால் காயவைத்தார்கள். மழையில் நனைந்தது என்று சொல்லிவைத்தேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. ஆடிக்காற்று பந்தல் துணியைக் கிழிக்கிற மாதிரி அடித்தது.

சுடர்விழி தொட்டி ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பிடி அள்ளி விரல் வழியாக விட்டாள்.

"காத்து இவ்வளவு அடிக்குது, ஒண்ணும் பறக்கலையே ஐயா."

"கனமான கல்லும்மா. கருங்குன்றுக் கல்லு அப்படித்தான்."

"அன்னைக்கு உங்க கிரஷர்ல என் மூக்குக்குள்ள எல்லாம் போச்சே."

"அது மிஷின் பக்கத்துல நின்னா அப்படித்தான்."

தலையாட்டினாள். சோதிக்கிற சல்லடையெல்லாம் ஊரில் இருக்கிறதாம், கொண்டுவந்து சலித்துப் பார்க்க நேரமில்லையாம். "நீங்க கொடுத்ததுதானே, சரியாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

ஜூலை 29, திங்கள்

மாநாடு ஆரம்பம். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு சோபாவை எடுக்க மறந்துவிட்டார்கள். தலைமை தாங்கினவர் அதில் உட்கார்ந்து நெளிந்துகொண்டே இருந்தார். நான் சமையலறைக் கதவை ஒட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். மண்டபம் என்னுடையது, யார் கேட்பது. பிளாட்டினம் என்ற வார்த்தை வருகிறதா என்று காது அங்கேயே இருந்தது.

வரவில்லை. பாதி இங்கிலீஷ் புரிந்தது, படம் போட்டதால் மீதியும் ஓரளவு புரிந்தது. செவ்வாயில் ஒரு எரிமலை இருக்கிறதாம், அதன் அடிவாரத்தில் தமிழ்நாட்டை இரண்டு தடவை வைத்தாலும் இடம் மிச்சம். வெள்ளியில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பழைய படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். வியாழனின் அந்த நிலா, நிற்காமல் கந்தகத்தைக் கக்குகிறது. மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. நம் நிலாவில் கடைசி எரிமலை எப்போது அடங்கியது என்று தகராறு. ஒருத்தர் ரசத்தைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் கத்தினார். வரப்புத் தகராறில்தான் மனுஷன் இப்படிக் கத்திப் பார்த்திருக்கிறேன். இதில் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று ஞானதாஸிடம் கேட்டேன். ஒண்ணும் கிடைக்காது என்று சிரித்தார்.

ஒன்றும் கிடைக்காத விஷயத்துக்கு இத்தனை பேர் ரயில் ஏறி வருவார்களா? என்னால் நம்ப முடியவில்லை.

ஐஸ்லாந்துக்காரர் ஒருத்தர் வந்திருக்கிறார், ஆறரை அடி. குழிப்பணியாரம் தட்டு தட்டாகப் போகிறது.

ஜூலை 30, செவ்வாய்

இன்று எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் கருங்குன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் கூடவே போனேன், யார் பையில் எது போகிறது என்று பார்க்க. பைக்குள் கல் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பாறையைத் தடவிப் பார்த்தார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஐஸ்லாந்துக்காரர் நாக்கால் நக்கிப் பார்த்தார். என் குவாரியில் மனுஷன் கல்லை நக்கி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மூடிய குழிப்பக்கம் யாரும் போகவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது சுடர்விழி என் ஜீப்பில் வந்தாள். நேராகவே கேட்டுவிட்டேன். இந்தச் சக்கரத்தால உனக்கு என்னம்மா லாபம்?

நாலு வருஷமாக இதைச் செய்கிறாளாம். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் சக்கரம் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவள் அம்மா அந்தச் சக்கரத்துக்கே தாலி கட்டிக்கோ என்கிறாளாம். பெங்களூரில் இருந்து பத்மாவதி ராவ் என்ற அம்மாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மேட்டில் சக்கரம் ஏறுவதைப் பார்த்து அவர்கள் சரி என்றால், நிலாவுக்குப் போகிற வண்டியில் அதை மாட்டுவார்கள். அந்தக் கறுப்புச் சமவெளியில்தான் இறங்குமாம்.

ஏறலைன்னா என்ன, இன்னொண்ணு செஞ்சுக்கலாமே என்றேன்.

"இங்கே ஏறலைன்னா செஞ்சுக்கலாங்கய்யா. இங்கே ஏறி அங்கே போய் நின்னுட்டா? இறங்கித் தள்ள ஆளில்லையே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூலை 31, புதன்

காலையில் ஆசாரி போன். "கல்லுடா. வெறும் கல்லு. பல்லு வேணும்னா வெளக்கிக்க. அதுக்கும் சொரசொரன்னு இருக்கும்" என்றான்.

சென்னகிருஷ்ணனைக் குழிக்காவலில் இருந்து எழுந்துவரச் சொன்னேன்.

சாயங்காலம் ஊர்க்காரர்களுக்காக ஞானதாஸ் தமிழில் பேசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், எல்லப்பனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். நிலாவில் எரிமலை எப்படி வெடித்தது என்று காட்டினார். குழம்பு நீரூற்று மாதிரி மேலே பீச்சி, துளித்துளியாகச் சிதறி, கண்ணாடி மணியாக உறைந்து விழுந்ததாம். அதன்மேல் கோடிக்கணக்கான வருஷமாக விண்கல் விழுந்து விழுந்து இடித்திருக்கிறது. மனுஷன் போய் நடந்தபோது காலெல்லாம் ஒட்டியது, உடுப்பின் மூட்டுக்குள் புகுந்தது, முகப்பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ், ஆனால் ரம்பம் மாதிரி கூர். ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டார். பிறகு அவரே சொன்னார்.

"அங்கே காத்து இல்லை, மழை இல்லை, ஆறு இல்லை. தூசியை அடிச்சிட்டுப் போறதுக்கும் ஒண்ணுமில்லை, கழுவறதுக்கும் ஒண்ணுமில்லை. நிலாவுல மண்ணுன்னா அந்தத் தூசிதான்."

எல்லப்பன் திரும்பி என்னைப் பார்த்தான். பிளாட்டினம் பற்றி இனிமேல்தான் சொல்வார் என்று கண்ணடித்தான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

சரக்கு வாசலில் இறங்கி, வாங்கினவன் பார்த்து எடுத்துக்கொண்டால் அத்தோடு விற்றவன் பொறுப்பு முடிந்தது. என் தொழிலில் அதுதான் முறை. அவர்கள் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சக்கரம் ஏறிவிட்டது.

எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கம்பிவலையில் செய்த சக்கரம், முறம் அளவு. மெதுவாகத்தான் உருண்டது. மேட்டில் ஒரு தடவைகூட நழுவவில்லை, உச்சியில் போய் நின்றது. மூன்று தரம் ஓட்டினார்கள். மூன்று தரமும் ஏறியது. கைதட்டினார்கள். பத்மாவதி அம்மா சாதாரணமாகச் சிரிக்காத முகம், அவரே அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். மாதம்மாள் சமையல்கட்டில் இருந்து ஓடிவந்து திருஷ்டி கழித்தாள்.

சுடர்விழி நேராக என்னிடம் வந்தாள். கையில் ஒரு லட்டு. "உங்க தூசியில ஏறியிருக்குங்கய்யா. முதல்ல உங்களுக்கு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் போட்டேன். இப்போது எழுதும்போது எடுத்துப் பார்த்தால் எறும்பு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. மாதம்மாள் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் குவாரிக்குப் போய், கன்வேயர் அடியில் இருந்த தூசியை அப்படியே அள்ளி டிப்பரில் ஏற்றச் சொன்னேன். டிரைவரை இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் பிடிக்கிறேன், கேட்டில் இடித்துவிட்டேன்.

வரும்போது வழிநெடுக வண்டிக்குப் பின்னால் புகைமாதிரி பறந்தது.

நிறைவு விழாவுக்கு எல்லாரும் வெளியே போட்டோ எடுக்க நின்றிருந்தார்கள். தொட்டி பக்கத்தில் வண்டியை நிறுத்தி, தொட்டியில் இருப்பதை அள்ளிப் போட்டுவிட்டு இதைக் கொட்டுங்கள் என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஞானதாஸ் வந்தார்.

"நேத்து ஓட்டினது கழுவின சரக்கு சார். நான்தான் கழுவிக் கொடுத்தேன். நீங்க கேட்டது இது."

ஞானதாஸ் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். ஏன் கழுவினீர்கள் என்று கேட்டார். முதல் தரம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் பத்மாவதி அம்மா முன்னால் வந்தார்.

"யார் சொல்லி இதைச் செய்றீங்க?"

"யாரும் சொல்லலைங்கம்மா."

"நேத்து முடிவு சொல்லியாச்சு. இன்னைக்கு வேற மண்ணைக் கொண்டுவந்து, நேத்து ஓட்டினது செல்லாதுன்னு சொல்றீங்க. இந்தச் சக்கரம் தோக்கணும்னு யாருக்கோ ஆசை இருக்கு. யாரு?"

இன்னும் இரண்டு சக்கரங்கள் போட்டிக்கு இருக்கின்றன என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே நின்ற அத்தனை முகத்திலும் அதே கேள்விதான். இந்த டைரி முழுக்க நான் அவர்களை எப்படிப் பார்த்தேனோ, அப்படியே என்னைப் பார்த்தார்கள். நான் சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. அதனால் நடந்ததையே சொல்லிவிட்டேன்.

"தூசியில பிளாட்டினம் இருக்குன்னு நினைச்சேங்க. உங்க கைக்குப் போயிடக்கூடாதுன்னு கழுவி எடுத்துட்டேன்."

யாரோ ஐஸ்லாந்துக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் மட்டும் பெரிதாகச் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சுடர்விழி சிரிக்கவில்லை. டிப்பரின் பின்பக்கம் போய் ஒரு பிடி அள்ளிக் காற்றில் விட்டாள். அத்தனையும் பறந்தது. அப்புறம் தொட்டியில் ஒரு பிடி அள்ளி விட்டாள். நேராகக் கீழே விழுந்தது.

"கொட்டச் சொல்லுங்க சார்" என்றாள் ஞானதாஸிடம்.

கொட்டும்போது எழுந்த புழுதியில் பாதி விஞ்ஞானிகள் மண்டபத்துக்குள் ஓடினார்கள். நின்றவர்கள் முகமெல்லாம் சாம்பல். சக்கரம் சமதளத்தில் நன்றாகத்தான் போனது. மேட்டில் ஒரு முழம் ஏறியது. பிறகு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி, தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு, அச்சு வரைக்கும் புதைந்துபோனது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தரம் வேண்டாம் என்று பத்மாவதி அம்மா கையைக் காட்டினார்.

நான் வண்டியில் ஏறப்போகும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை கேட்டேனே ஐயா. ஒண்ணும் பறக்கலையேன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல் போகலாம் என்று மாதம்மாளிடம் போனவாரமே சொல்லியிருந்தேன். போகவில்லை. எல்லா விஷயத்தையும் சமையல்காரன் அவளிடம் சொல்லிவிட்டான். அவள் சித்திரான்னம் நாலு வகை செய்து, எடுத்து மூடிவைத்தாள்.

எல்லப்பன் சிரிக்கச் சிரிக்க வந்தான். "முடிஞ்ச வியாபாரத்தைப் போய்க் கெடுத்துட்டு வந்திருக்கியே பங்காளி. அந்தப் பொண்ணுக்கும் போச்சு, உன் பேரும் போச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எவனுக்குத் தெரியும்?"

"நிலாவுக்குத் தெரியும்" என்றேன்.

நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவனும் அதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்துதான் போனான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தொட்டியைப் பிரித்தாகிவிட்டது. தூசியை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மண்டபத்துக்குப் பின்னால் குவித்து, தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஞானதாஸ் போன் செய்தார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று தயாராகத்தான் எடுத்தேன். மண்டபக் கூரையில் ஒழுகல் சரியானதா என்று கேட்டார். பிறகு சொன்னார். முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். தோற்றுப்போன சக்கரத்தை நல்ல சக்கரம் என்று எண்ணி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். மூன்று சக்கரத்தையும் கழுவாத தூசியில் மறுபடி பார்ப்பது என்று தீர்மானம். சுடர்விழி கம்பிவலையைப் பிரித்து வேறு மாதிரி பின்னுகிறாளாம்.

"தூசி இன்னும் இருக்கா?"

"இருக்கு சார். தொடலை."

"தொடலைன்னு நீங்க சொல்றீங்க" என்றார். அவர் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

குத்தகை புதுப்பித்து உத்தரவு வந்துவிட்டது. வேலியும் இல்லை, வேறு ஆளும் இல்லை. பேராசிரியர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பார், அதனால்தான் வந்தது என்கிறான் எல்லப்பன். வக்கீலிடம் விசாரித்தேன். யாரும் எழுதவில்லை, வரிசைப்படி வந்தது என்றார். இரண்டு பேரையுமே முழுசாக நம்பவில்லை.

இனி டைரி எழுதவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் மேஜைமேல்தான் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சுடர்விழி வந்திருக்கிறாள். புது சக்கரம் ஒரு பெட்டியில், சல்லடைகள் இன்னொரு பெட்டியில்.

மாதம்மாள் வாசலுக்கு ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்துல வரேங்கம்மா என்றாள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், அவ்வளவுதான். நேராக மண்டபத்துக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். மேலே இருந்து எடுக்கவில்லை. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு நடுவில் இருந்து அள்ளினாள். நான் நல்ல சரக்கை மேலே பரப்பி வைத்திருப்பேன் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதுதான் சரி. நான் வாங்கினாலும் அப்படித்தான் அள்ளுவேன். ஒன்றின்கீழ் ஒன்றாகச் சல்லடையை அடுக்கிச் சலித்தாள், ஒவ்வொன்றிலும் நின்றதைத் தராசில் வைத்தாள், ஜூனில் எடுத்ததோடு ஒத்துப்பார்த்தாள். இன்னொரு மூலையில் அள்ளி மறுபடியும் முதலில் இருந்து சலித்தாள். வெயிலில் நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை, சரியாத்தாம்மா இருக்கும் என்று சொல்லவில்லை. என்னை நம்பாமல் அவள் சலிக்கச் சலிக்க எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

பிறகுதான் சக்கரத்தை எடுத்தாள். விளிம்பில் இப்போது சின்னச் சின்ன தகடுகள் வைத்திருக்கிறாள். குவியலையே சரிவாக்கி ஓட்டினாள். முக்கால் மேடு ஏறியது. அங்கே நழுவ ஆரம்பித்து, சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. என்னையறியாமல் குனிந்து கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதீங்க ஐயா."

கையை எடுத்துக்கொண்டேன்.

"அங்கே யார் தள்ளுவா?"

நின்றோம். சக்கரம் அரைச் சுற்று பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. தகடுகள் தூசியை அடியில் திணித்துத் திணித்து, தனக்கு ஒரு படி மாதிரி கட்டிக்கொண்டன. பிறகு, மாடு சேற்றில் இருந்து காலை எடுக்கிற மாதிரி எழும்பி, மீதி மேட்டையும் ஏறி உச்சியில் நின்றது.

மாதம்மாள் கைதட்டினாள். சுடர்விழி தட்டவில்லை. மூக்கிலும் புருவத்திலும் தூசியோடு என்னிடம் திரும்பினாள்.

"குவாரியில இன்னொரு இடத்துத் தூசி கிடைக்குமாங்கய்யா? இந்த ஒரு குவியலை நம்ப முடியாது."

கிடைக்கும் என்றேன். நாளைக் காலையில் வந்து, எங்கே வேண்டுமோ நீயே அள்ளிக்கொள் என்றேன்.